மேசையில் வைத்த இடத்திலேயே பாரோமீட்டர் சென்சார் (காற்றழுத்தத்தை அளக்கும் சிப்) உயரத்தை மாற்றி மாற்றிக் காட்டுகிறது. அழுத்தத்தையும் வெப்பநிலையையும் வைத்துச் சரியான உயரத்தைக் கணக்கிடுவது எப்படி?

உங்கள் சென்சார் கெட்டுப்போகவில்லை. அதை மாற்றச் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

44330 என்ற எண்ணோடு வரும் ஆயத்தச் சூத்திரத்தைத்தான் பயன்படுத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். கடல்மட்டத்தில் அழுத்தம் 1013.25 ஹெக்டோபாஸ்கல், வெப்பநிலை 15 டிகிரி, கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி குறையும் என்று அது தானாகவே வைத்துக்கொள்கிறது. நிஜக் காற்று அப்படி இருப்பது அபூர்வம். தரை மட்டத்தில் அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் மாறுவது, உயரம் சுமார் 8 மீட்டர் மாறுவதற்குச் சமம். வானிலை மாறி அழுத்தம் 5 குறைந்தால், உங்கள் மேசை 40 மீட்டர் ஏறிவிட்டதாகத்தான் காட்டும்.

கல்லூரி புராஜெக்டில் இதே சிக்கல் எனக்கும் வந்தது. கூட இருந்த எல்லாரும் "சிப் போச்சு, வேற வாங்கு" என்றார்கள். நான் கேட்கவில்லை. இரண்டாவது சென்சாரைக் கொடுத்து நண்பனை மலையடிவாரத்தில் உட்கார வைத்தேன். நான் இன்னொன்றோடு மேலே ஏறினேன். இருவரும் ஒரே நேரத்தில் அழுத்தத்தையும் வெப்பநிலையையும் குறித்தோம். வானிலை மாறினால் இரண்டும் சேர்ந்தே மாறும், அதனால் உயர வித்தியாசம் பெரிதாகக் கெடாது. இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1648இல் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கலுடைய அக்காவின் கணவர் பெரியே, அழுத்தத்தை அளக்கும் பாதரசக் குழாயோடு பிரான்சின் புய் து டோம் மலையேறியபோதே, கீழே இன்னொரு குழாயை வைத்து அதைப் பார்க்க ஒருவரை நிறுத்திவிட்டுத்தான் போனார்.

இரண்டு இடங்களின் உயர வித்தியாசத்துக்குக் கணக்கு இதுதான்: 29.27 × கெல்வினில் (செல்சியஸ் + 273.15) சராசரி வெப்பநிலை × இயல் மடக்கை, அதாவது ln (கீழ் அழுத்தம் ÷ மேல் அழுத்தம்). கீழே 1000, மேலே 900, சராசரி 20 டிகிரி என்றால் 904 மீட்டர் வரும். அதே அழுத்தங்களுக்குச் சராசரி 10 டிகிரி என்றால் 873தான். வெப்பநிலையை விட்டுவிட்டால் 31 மீட்டர் போச்சு!

அடிவாரத்தின் உயரத்தைக் கூட்டியபோது எங்கள் விடை, உச்சியில் பொறித்திருந்த உயரத்தோடு சில மீட்டர் வித்தியாசத்தில் பொருந்தியது. புராஜெக்டை மதிப்பிட வந்தவரோ அறிக்கையில் இருந்த எங்கள் வரைபடத்தைத் திறக்கவே இல்லை. "ஜிபிஎஸ் இருக்கும்போது இது எதுக்கு?" என்று கேட்டுவிட்டு மதிப்பெண்ணைக் குறைத்தார். ஜிபிஎஸ்ஸில் கிடைமட்டத்தைவிட உயரத்தில்தான் பிழை அதிகம் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அறிக்கையின் பைண்டிங் சரியில்லை என்று ஆரம்பித்துவிட்டார். உழைப்பைப் பார்க்காமல் அட்டையைப் பார்த்து மதிப்பெண் போடும் வழக்கம் எப்போதுதான் ஒழியுமோ.

ஈரப்பதத்தை விட்டுவிட்டேனே என்று சிலர் வருவார்கள். தெரிந்துதான் விட்டேன். வெப்பமும் ஈரமும் மிகுந்த காற்றில் அதனால் ஓரிரு சதவீதம் உயரம் கூடும். தேவைப்பட்டால் சேர்த்துக்கொள்ளலாம், தொடக்கத்தில் வேண்டாம்.

அப்புறம், சிப் காட்டும் வெப்பநிலையை அப்படியே சூத்திரத்தில் போடாதீர்கள். அது பெட்டிக்குள் சூடேறிய மின்சுற்றுப் பலகையின் வெப்பநிலை. நமக்கு வேண்டியது இரண்டு இடங்களுக்கும் நடுவே உள்ள காற்றினுடையது. இரண்டு முனையிலும் நிழலில், காற்றோட்டமான இடத்தில் தனி வெப்பமானி வைத்து அளந்து, இரண்டின் சராசரியைப் போடுங்கள்.