படகில் புரோப்பேன் சிலிண்டர்: கேள்வி பதில்

ஓய்வுப் படகுகளில் கேஸ் இணைப்பு போடுவதும் பழைய இணைப்புகளைச் சோதிப்பதும் என் தொழில். புரோப்பேனைப் படகில் எங்கே, எப்படி வைப்பது என்று வந்த கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: கரையில் கேஸ் அடுப்பைப் பற்றி யாரும் இவ்வளவு அலட்டிக்கொள்வதில்லை. படகில் மட்டும் ஏன் இத்தனை கெடுபிடி, அண்ணா?

படகு தண்ணீர் உள்ளே வராதபடி கட்டப்பட்டது. அதே காரணத்தால் உள்ளே இறங்கிய கேஸ் வெளியே போகவும் வழியில்லை. புரோப்பேன் காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் மேலே எழுந்து ஜன்னல் வழியாகப் போகாது. தண்ணீரைப் போல தாழ்வான இடம் தேடி இறங்கி, தரைப்பலகைக்கு அடியில், பில்ஜ் எனப்படும் படகின் அடிப்பள்ளத்தில் போய்த் தேங்கும். பேட்டரி, பம்ப், என்ஜினின் ஸ்டார்ட்டர் மோட்டார் என்று பொறி பறக்கக்கூடிய எல்லாமே அங்கே பக்கத்தில்தான் இருக்கின்றன.

அளவையும் பாருங்கள். காற்றில் 2 சதவீதத்துக்குச் சற்று மேல் கலந்தாலே புரோப்பேன் பற்றிக்கொள்ளும்; சுமார் 9.5 சதவீதம் வரை பற்றும். ஒரு கிலோ திரவ புரோப்பேன் ஆவியானால் அரை கன மீட்டருக்குக் கொஞ்சம் மேல் வரும். அது காற்றோடு கலந்து ஏறக்குறைய 25 கன மீட்டர் வெடிக்கும் கலவையாக முடியும். சிறிய பாய்மரப் படகின் உள்ளறை முழுவதையும் அளந்தாலும் அவ்வளவு தேறாது.

ஆகவே எந்த ஏற்பாட்டைப் பார்த்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: இங்கே கசிந்தால் கேஸ் எங்கே வழியும்? கடலுக்கா, படகுக்குள்ளா?

கேள்வி: சிலிண்டர் பெட்டியை நானே ஃபைபர் கிளாஸில் செய்ய நினைக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

நீங்களே செய்யலாம், தவறில்லை. ஆனால் அந்தப் பெட்டி படகின் உட்பக்கத்தோடு துளியும் தொடர்பில்லாமல் இருக்க வேண்டும். மூடி மேல்பக்கம் மட்டும், அதுவும் திறந்த வெளியில் திறக்க வேண்டும். பக்கவாட்டுக் கதவு வைத்தால், கசிந்து சேர்ந்திருக்கும் கேஸ் கதவைத் திறந்த உடனே காலடியில் கொட்டும். மூடிக்கு ரப்பர் கேஸ்கெட்டும் இறுக்கும் கொக்கியும் தேவை.

பெட்டியின் ஆக அடியிலிருந்து ஒரு வடிகுழாய் படகுக்கு வெளியே போக வேண்டும். அமெரிக்கத் தரமான ஏபிஒய்சி ஏ-1 இதற்குக் குறைந்தது அரை அங்குல உள்விட்டம் கேட்கிறது. ஐஎஸ்ஓ 10239 தரத்தின்படி 19 மில்லிமீட்டர். நான் எப்போதும் பெரியதையே போடுகிறேன். குழாய்க்கு ஆகும் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. அது வெளியே முடியும் வாய், ஜன்னல், காற்றுத்துளை, என்ஜின் புகைவாய் எதற்கும் அரை மீட்டருக்குள் இருக்கக் கூடாது. இல்லாவிட்டால் வெளியே போன கேஸ் அடுத்த துளை வழியாக உள்ளே திரும்பிவிடும்.

அதிகம் கோட்டைவிடும் இடம் இந்த வடிகுழாயின் சரிவுதான். குழாய் முழு நீளமும் கீழ்நோக்கியே போக வேண்டும். நடுவில் ஒரு தொய்வு இருந்தால் அங்கே மழைநீர் தங்கி அடைப்பாகிவிடும். கேஸ் அதைத் தள்ளிக்கொண்டு போகாது. வாய் நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். பாய்மரப் படகு என்றால் சாய்ந்து ஓடும்போது அந்த வாய் மூழ்குகிறதா என்றும் பாருங்கள்.

கேஸ் டியூபும் மின்கம்பியும் பெட்டிச்சுவரைத் தாண்டும் இடத்தில், முடிந்தவரை உயரத்தில், கேஸ் புகாத இணைப்பு போடுங்கள். சிலிக்கான் பூசி அடைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

வேலை முடிந்ததும் ஒரு வாளித் தண்ணீரை உள்ளே ஊற்றுங்கள். தயங்காமல் வெளியே ஓட வேண்டும். அப்புறம் வடிகுழாயின் வாயை அடைத்துக் கொஞ்சம் தண்ணீர் நிறுத்தி, உட்பக்கம் எங்காவது ஈரம் தெரிகிறதா என்று தடவிப் பாருங்கள். ஈரம் வருகிற இடத்தில் கேஸும் வரும்.

கேள்வி: அந்தப் பெட்டியில் இடம் மிஞ்சுகிறது. கயிறு, ஃபெண்டர் (படகு உரசாமல் பக்கத்தில் தொங்கவிடும் மெத்தை) எல்லாம் போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. கயிறு வடிகுழாயின் வாயை அடைக்கும், இரும்புச் சாமான் வால்வில் மோதும். பேட்டரியை வைப்பது பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். அது இன்னும் மோசம்.

கேள்வி: கிரில்லுக்கு, ஒருமுறை பயன்படுத்தி எறியும் சின்ன சிலிண்டர்கள்தான் பயன்படுத்துகிறேன். காக்பிட்டில், அதாவது படகை ஓட்டும் திறந்த பகுதியில், இருக்கைக்கு அடியில் வைத்திருக்கிறேன். அரை கிலோகூட இல்லையே, சார்?

மேலே சொன்ன கணக்கை இதற்கும் போடுங்கள். 465 கிராம் சிலிண்டர் ஒன்று கிட்டத்தட்ட 12 கன மீட்டர் வெடிக்கும் கலவைக்குப் போதும். போதாததற்கு, இந்தச் சின்ன சிலிண்டர்களின் வால்வு, ஒருமுறை மாட்டிக் கழற்றிய பிறகு சரியாக மூடிக்கொள்ளும் என்று நம்ப முடியாது. ஓரத்தில் கொஞ்சம் உப்போ மணலோ படிந்தாலே மெல்லக் கசியும். பெரும்பாலான படகுகளில் இருக்கைக்கு அடியிலிருந்து பில்ஜுக்கு வழி இருக்கிறது.

இவற்றை கேஸ் பெட்டியில் வையுங்கள். இடம் இல்லையென்றால் பின்பக்கக் கம்பி வேலியில், வெளிப்புறமாக, அடியில் காற்றோட்டமுள்ள பையில் தொங்கவிடுங்கள். பாதி தீர்ந்ததைக் கழற்றியதும் அதன் மூடியைத் திருகிப் போடுங்கள். தீர்ந்த சிலிண்டரில் நீங்களே திரும்ப நிரப்புவது வேண்டவே வேண்டாம்.

கேள்வி: காலியான சிலிண்டரை உள்ளே வைக்கலாம்தானே?

அடுப்பு எரியவில்லை என்றால் சிலிண்டர் காலி என்று அர்த்தமில்லை. உள்ளே ஆவி மிச்சம் இருக்கும். நிறைந்ததற்கு என்ன விதியோ அதேதான்.

கேள்வி: கேஸில் நாற்றம் சேர்த்திருக்கிறார்களே, மூக்கு போதாதா? டிடெக்டர் அவசியமா?

நாற்றத்துக்காகச் சேர்ப்பது எத்தில் மெர்காப்டன். நல்ல ஏற்பாடுதான், ஆனால் உங்கள் மூக்கு இருக்கும் உயரத்தில் கேஸ் இருக்காது, பில்ஜில் இருக்கும். படுத்துத் தூங்குபவருக்கு நாற்றம் விழிப்புக் கொடுக்காது. சளி பிடித்தவருக்கும் வயதானவருக்கும் தெரியாமல் போகலாம். அதே காற்றில் கொஞ்ச நேரம் இருந்தால் மூக்கும் பழகிவிடும்.

டிடெக்டரின் உணரியை அடுப்புக்குக் கீழே தாழ்வான இடத்தில் பொருத்துங்கள், ஆனால் பில்ஜ் நீர் தொடாத உயரத்தில். நனைந்தால் அது செத்துவிடும். சிலிக்கான் பசையின் ஆவியும் பல உணரிகளைக் கெடுக்கும். பெயின்ட் தின்னர், ஸ்பிரே போன்றவை பொய் அலாரம் கொடுக்கும். உணரிக்கு ஆயுள் சில வருடங்கள்தான். டிடெக்டரில் அச்சிட்ட தேதி தாண்டியிருந்தால் பச்சை விளக்கு எரிவதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். சோதிக்கும்போது லைட்டர் கேஸை நேராக ஊதுவது பலருடைய பழக்கம்; அவ்வளவு அடர்த்தி உணரிக்கு ஆகாது. தயாரிப்பாளர் சொல்கிற முறையில் சோதியுங்கள்.

கேள்வி: ரெகுலேட்டருக்கு முன்னால் ஒரு பிரஷர் கேஜ் இருக்கிறது. ஆனால் அது எப்போதும் ஒரே இடத்திலேயே நிற்கிறது. கெட்டுவிட்டதா?

கெடவில்லை. மிச்ச கேஸைக் காட்டுவது அதன் வேலை இல்லை. உள்ளே துளி திரவம் இருக்கும்வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலைதான்: 20 டிகிரி செல்சியஸில் சுமார் 7 பார், 40 டிகிரியில் 13 பாருக்குப் பக்கம். நிறைந்த சிலிண்டரும் தீரப்போகும் சிலிண்டரும் ஒரே எண்ணைக் காட்டும். மிச்சம் தெரிய வேண்டுமென்றால் எடை போடுங்கள்.

அந்த கேஜ் கசிவு பார்ப்பதற்கானது. அடுப்பின் பர்னர்கள் எல்லாவற்றையும் மூடுங்கள். சிலிண்டர் வால்வையும் சோலெனாய்டையும் (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு) திறந்து, முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சிலிண்டர் வால்வை மட்டும் மூடுங்கள். குறைந்தது 3 நிமிடம் முள் அசையக் கூடாது. நான் கால் மணி நேரம் விடுகிறேன். இறங்கினால் எங்கோ கசிகிறது. அப்புறம் சோலெனாய்டை மூடி மறுபடி செய்து பாருங்கள். இப்போது முள் நின்றால் கசிவு சோலெனாய்டுக்கு அப்பால், அதாவது அடுப்புப் பக்கம். இறங்கினால் பெட்டிக்குள்ளேயே தேடலாம், பாதி வேலை மிச்சம்.

இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி பாருங்கள். அமோனியா கலந்த துப்புரவுத் திரவம் வேண்டாம், அது பித்தளையில் விரிசல் உண்டாக்கும். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் வீரர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களோடு ஒரே படகில் ஏறாதீர்கள்.

கேள்வி: சோலெனாய்டு சுவிட்ச் அடுப்புக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தினமும் சிலிண்டர் வால்வையும் போய் மூட வேண்டுமா?

சமையல் முடிந்ததும் பர்னர் எரிந்துகொண்டிருக்கும்போதே சோலெனாய்டை அணையுங்கள். டியூபில் மிச்சமுள்ள கேஸ் எரிந்து தீர்ந்து தீ தானாக அணையும். அதன் பிறகு பர்னர் திருகை மூடுங்கள். இதனால் சோலெனாய்டு உண்மையிலேயே மூடுகிறதா என்பதும் ஒவ்வொரு முறையும் தெரிந்துவிடும். தீ அணையவே இல்லை என்றால் அது திறந்தபடியே சிக்கியிருக்கிறது. மின்சாரம் போனால் மூடிக்கொள்ளும் வகைதான் போட வேண்டும். இயங்கும்போது அது சூடாக இருப்பது இயல்பு.

படகைவிட்டு இறங்கும்போதும் இரவு தூங்கும்முன்னும் சிலிண்டர் வால்வை மூடுங்கள். மற்ற நேரத்தில் உங்கள் விருப்பம்.

கேள்வி: அடுப்புக்கும் வெந்நீர்க் கருவிக்கும் ஒரே டியூபிலிருந்து டி வடிவ இணைப்பு போட்டுப் பிரித்துத் தந்திருக்கிறார்கள். சரியா?

பிரிவு கேஸ் பெட்டிக்குள் இருந்தால் சரி. அலமாரிக்குப் பின்னால் இருந்தால் சரியில்லை. ஒவ்வொரு கருவிக்கும் பெட்டியிலிருந்து தனித்தனியாக, நடுவில் இணைப்பே இல்லாத ஒரே நீள டியூப் வர வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இணைப்புதான் ஆபத்தான இணைப்பு. டியூப் பலகையைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் போடுங்கள். படகு ஓயாமல் அதிரும், உரசி உரசி ஓட்டை விழும்.

வெந்நீர்க் கருவி என்றதால் ஒன்று: அது எரியக் காற்றை வெளியிலிருந்து எடுத்து, புகையையும் வெளியே விடும் மூடிய வகையாக இருக்கட்டும். எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் திறந்த பைலட் சுடர் படகுக்கு ஆகாது. அடுப்பாக இருந்தால், சுடர் அணைந்தவுடன் கேஸை நிறுத்தும் தெர்மோகப்பிள் ஒவ்வொரு பர்னருக்கும் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: குளிருக்கு அடுப்பையே கொஞ்சநேரம் எரியவிட்டுத் தூங்கலாமா?

வேண்டாம், தம்பி. மூடிய அறையில் எரியும் சுடர் ஆக்சிஜனைத் தின்றுவிட்டுக் கார்பன் மோனாக்சைடு தரும். அதற்கு நிறமும் இல்லை, நாற்றமும் இல்லை. கேஸ் டிடெக்டர் அதைக் கண்டுபிடிக்காது. அதற்கென்று தனி அலாரம் தூங்கும் இடத்தில் வேண்டும். சமைக்கும்போதும் ஒரு ஹாட்ச் (மேல்தளத்தில் உள்ள திறப்பு) திறந்திருக்கட்டும்.

கேள்வி: இரும்பு, அலுமினியம், ஃபைபர் சிலிண்டர்களில் எது நல்லது?

உப்புக்காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும், அடிவளையம் முதலில் போகும். அலுமினியம் நல்லது. ஃபைபர் சிலிண்டரும் நல்லது. சிலவற்றில் திரவ மட்டம் வெளியிலிருந்தே தெரியும். எதுவானாலும் 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பவிடாதீர்கள். வெயிலில் திரவம் விரிய அந்த மிச்ச இடம் தேவை. இல்லாவிட்டால் பாதுகாப்பு வால்வு திறந்து கேஸைக் கக்கும். நிமிர்த்தி வைக்கும் சிலிண்டரைப் படுக்க வைக்காதீர்கள், திரவம் ரெகுலேட்டருக்குள் போகும். படுக்க வைக்கவென்றே செய்த சிலிண்டர்கள் தனியாக உண்டு. அலையில் உருளாதபடி பட்டையால் கட்டுவது எல்லாவற்றுக்கும் பொது.

கேள்வி: டிடெக்டர் அலறினால் முதலில் என்ன செய்வது?

எரிகிற சுடரை அணையுங்கள். எந்த சுவிட்சையும் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். என்ஜின், மின் பில்ஜ் பம்ப், விளக்கு எல்லாம் இதில் அடக்கம். எல்லோரையும் மேல்தளத்துக்கு, முடிந்தால் கரைக்கு அனுப்புங்கள். போகிற போக்கில் ஹாட்ச்சுகளைத் திறந்துவிட்டு, வெளியே வந்து சிலிண்டர் வால்வை மூடுங்கள்.

ஹாட்ச் திறந்ததும் கேஸ் தானாகப் போய்விடாது; அது கனமானது, கீழேயே கிடக்கும். காக்பிட்டிலிருந்து இயக்கும் கை பம்ப் இருந்தால் அதை அடித்துக்கொண்டே இருங்கள். பில்ஜில் தண்ணீர் இல்லாவிட்டால் அது அடியிலுள்ள கேஸை இழுத்து வெளியே தள்ளும். படகில் கை பம்ப் வைத்திருக்க இது ஒன்றே போதுமான காரணம். நாற்றம் போய், அலாரமும் அடங்கிய பிறகும் நன்றாகக் காற்றாட விடுங்கள். கசிந்த இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும்வரை வால்வு மூடியே இருக்கட்டும்.

கேள்வி: இவ்வளவு தொல்லைக்கு புரோப்பேனையே விட்டுவிட்டால் என்ன?

விடலாம். ஸ்பிரிட் அடுப்பில் வெடிக்கும் பயம் குறைவு, ஆனால் சூடு குறைவு. சுடர் பகலில் கண்ணுக்கே தெரியாது, எரிகிற அடுப்பில் ஊற்றிச் சுட்டுக்கொள்பவர்கள் உண்டு. பெரிய லித்தியம் பேட்டரியும் நல்ல சோலாரும் இருந்தால் மின் இண்டக்ஷன் அடுப்பு ஒத்துவரும், அதற்கான கம்பிகளும் ஃபியூஸும் அந்த மின்னோட்டத்துக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும். பியூட்டேன் கேனில் ஓடும் கையடக்க அடுப்பை மாற்று என்று நினைக்காதீர்கள். பியூட்டேன் காற்றைவிட இரண்டு மடங்கு கனம். அந்தக் கேன்களுக்கும் கேஸ் பெட்டியில்தான் இடம்.