கேள்வி – பதில்: மிளகு வழியில் தொட்டி கட்டிய படை

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் விழாவில் பேசிய ஒருவர், முசிறியில் ரோமானியப் படை முகாம் இட்டிருந்தது என்றும், அங்கிருந்து ஒரு லீஜியன் (ரோமானியப் பெரும்படைப் பிரிவு) பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்கு நாட்டுக்குள் போனது என்றும் சொன்னார். உண்மையா ஐயா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: போகவில்லை. விழா மேடையில் ஒலிபெருக்கி கிடைத்தால் சிலர் சீசரையே வேலந்தாவளம் சந்தைக்கு அழைத்து வந்துவிடுவார்கள். பியூட்டிங்கர் வரைபடம் என்று பழைய ரோமானிய வழிப்படம் ஒன்று இருக்கிறது. அதில் முசிறிக்குப் பக்கத்தில் ரோமானியப் பேரரசர் அகஸ்டஸின் பெயரில் கோயில் ஒன்று குறிக்கப்பட்டிருக்கிறது. கோயில் இருந்தால் காவலும் இருந்திருக்கும் என்று யாரோ ஊகித்தார்கள். பிறகு அது ‘இரண்டு படைப்பிரிவுகள்’ என்று பழைய புத்தகங்களில் ஏறிவிட்டது. ஆதாரம் கிடையாது. கடற்கொள்ளையருக்குப் பயந்து இந்தியா வந்த கப்பல்களில் வில்லாளிகளை ஏற்றினார்கள் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். நமக்குக் கிடைத்த ரோமானியப் படை அவ்வளவுதான். கணவாயைக் கடந்தவை காசும் சரக்கும். இந்தப் பக்கம் எய்யாலிலும் அந்தப் பக்கம் வெள்ளலூரிலும் அந்தக் காசுகள் புதையலாகவே கிடைத்தன.

நம் மிளகோடு உறவுள்ள லீஜியன்தான் வேண்டும் என்றால் எகிப்துக்குப் போக வேண்டும். அலெக்சாந்திரியாவுக்குப் பக்கத்தில், நிக்கோபோலிஸ் முகாமில் இரண்டு லீஜியன்கள் இருந்தன: 3ஆம் சிரெனைக்கா, 22ஆம் தியோத்தாரியானா. இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது.

கேள்வி: லீஜியன் வீரர்கள் எல்லோரும் ரோமாபுரிக்காரர்கள்தானே?
– கல்லூரி மாணவி, கொல்லங்கோடு

பதில்: 22ஆம் லீஜியனின் பிறப்பைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. இன்றைய துருக்கியின் நடுவில் கலாத்தியா என்ற நாடு. அதன் அரசர் தியோத்தாரஸ், தம் ஆட்களுக்கு ரோமானிய ஆயுதமும் ரோமானியப் பயிற்சியும் கொடுத்துப் படை திரட்டினார். ஒவ்வொன்றிலும் நானூறு பேர் கொண்ட முப்பது பிரிவுகளும், 2,000 குதிரை வீரர்களும் அவரிடம் இருப்பதாக ரோமானிய அரசியல்வாதி சிசரோ ஒரு கடிதத்தில் குறிப்பிடுகிறார். சீசருக்கும் அவருடைய எதிரி பாம்பேக்கும் நடந்த போரில் மனிதர் பாம்பேயின் பக்கம் நின்றார். பாம்பே தோற்றதும் சீசரிடம் போய்ச் சேர்ந்தார். கி.மு. 47இல் சீசர் ‘வந்தேன், கண்டேன், வென்றேன்’ என்று பெருமையடித்துக்கொண்ட சேலா போரில் இந்தக் கலாத்தியரும் நின்றார்கள். புகழில் அவர்களுக்குப் பங்கு வரவில்லை.

கி.மு. 25இல் அகஸ்டஸ் கலாத்தியாவைத் தம் ஆட்சியோடு சேர்த்துக்கொண்டார். படை ரோமானிய லீஜியன் ஆனது. பழைய அரசரின் பெயர் அதன் பெயரிலேயே தங்கிவிட்டது. ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் இருந்த 22ஆம் பிரிமிகேனியா வேறு படை. எண் ஒன்று என்பதால் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: எகிப்தில் அவர்கள் யாரோடு போரிட்டார்கள்?
– வாசகர், வேலந்தாவளம்

பதில்: போரை விடுங்கள். மூலத்தறைப் பக்கம் வாய்க்கால் மேற்பார்வையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். என்னைக் கேட்டால் தண்ணீரைப் பற்றித்தான் பேசுவேன்.

நைல் கரையில் கோப்டோஸ் என்ற ஊர். நம் மேற்குக் கடற்கரையில் ஏற்றிய மிளகு செங்கடல் துறைகளான பெரெனிகேயிலும் மியோஸ் ஹோர்மோஸிலும் இறங்கி, ஒட்டகத்தில் ஏறி, பாலைவனத்தைக் கடந்து இந்த ஊருக்கு வரும். பெரெனிகேயிலிருந்து 257 ரோமானிய மைல், பன்னிரண்டு நாள் பயணம். வெயில் தாங்காமல் பெரும்பாலும் இரவில்தான் நடந்தார்கள். பெரெனிகே கோயில் முற்றத்தில் இந்தியப் பானை ஒன்றுக்குள் ஏழரைக் கிலோ மிளகு அகழ்வாய்வில் கிடைத்திருக்கிறது.

அந்த வழியில் தண்ணீருக்கு என்ன செய்தார்கள்? கோப்டோஸில் ஒரு லத்தீன் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. எகிப்திலிருந்த அந்த இரண்டு லீஜியன்களின் ஆட்கள்தான் அதில் வருகிறவர்கள் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். வீரனின் பெயர், தகப்பன் பெயர், சொந்த ஊர் என்று வரிசை போகிறது. ஊர்களில் அங்காரா முதலான கலாத்திய ஊர்கள் நிறைய. இவர்கள் எங்கெங்கே நீர்த்தொட்டி கட்டி முடித்தார்கள் என்று கீழே தேதியோடு வெட்டியிருக்கிறார்கள். கொம்பாசியில் ஆகஸ்ட் 1, பெரெனிகேயில் டிசம்பர் 15, அப்பல்லோனோஸ் நீர்நிலையில் டிசம்பர் 26, மியோஸ் ஹோர்மோஸில் ஜனவரி 13. ஆகஸ்ட் மாதம், கிழக்குப் பாலைவனம், கையில் கடப்பாரை. அளவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுப் பழகியவனுக்கு, எந்த வெற்றித் தூணைவிடவும் இந்தத் தேதிகள் பெரிதாகப் படுகின்றன. அந்தத் தொட்டிகள் இல்லாவிட்டால் நம் மிளகு ரோம் போய்ச் சேர்ந்திருக்காது.

கி.பி. 90ஆம் ஆண்டின் சுங்கப் பட்டியலும் அதே கோப்டோஸில் கிடைத்தது. வாளையாறு சோதனைச்சாவடியில் லாரியோடு காத்துக் கிடந்தவர்களுக்கு அது உடனே புரியும். திரக்மா அந்தக் காலத்துக் காசு, ஓபோல் அதைவிடச் சின்னக் காசு. மாலுமிக்கு 5 திரக்மா, ஒட்டகச் சீட்டுக்கு 1 ஓபோல், பாய்மரத்துக்கு 20 திரக்மா. பிணம் கொண்டு போய்த் திரும்பவும் கட்டணம் உண்டு: 1 திரக்மா 4 ஓபோல்.

கேள்வி: அந்த வீரர்களுக்குக் குடும்பம் இருந்ததா?
– இல்லத்தரசி, மீனாட்சிபுரம்

பதில்: சட்டப்படி இல்லை. பணியில் இருக்கும்வரை திருமணம் கூடாது. அதே சுங்கப் பட்டியலில் ‘படைவீரர்களின் பெண்கள்’ என்று தனி வரி இருக்கிறது. தலைக்கு 20 திரக்மா, மாலுமியைப் போல நான்கு மடங்கு! மனைவியே கிடையாது என்று சொன்ன அரசாங்கம் அவளிடம் வரியை மட்டும் வாங்கிக்கொண்டது.

பிள்ளைகளின் பாடு இன்னும் மோசம். தகப்பன் செத்தால் அவன் சொத்தில் சட்டப்படி வாரிசாக நிற்க முடியாது. பேரரசர் ஹாட்ரியன் இதைக் கொஞ்சம் தளர்த்தினார்: உறவினர் என்ற முறையில் அவர்கள் சொத்தைக் கேட்கலாம் என்று எகிப்து ஆளுநருக்குக் கடிதம் எழுதினார். கி.பி. 119, ஆகஸ்ட் 4 அன்று இரண்டு லீஜியன்களின் முகாமிலும் அதை ஒட்டினார்கள். பாப்பிரஸ் நகல் கிடைத்திருக்கிறது.

கேள்வி: பிறகு அந்தப் படை என்ன ஆனது?
– வாசகர், சித்தூர்

பதில்: நான் சொன்ன கடிதத்துக்குப் பிறகு 22ஆம் தியோத்தாரியானாவின் பெயர் உறுதியாக எங்கும் வரவில்லை. பேரரசர் மார்க்கஸ் அவுரேலியஸ் காலத்தில் எல்லா லீஜியன்களின் பெயரையும் ரோமில் கல்லில் வெட்டினார்கள். அதில் இது இல்லை. கி.பி. 132–135இல் யூதேயாவில் பார் கோக்பா நடத்திய கிளர்ச்சியில் அழிந்திருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். நேரடிச் சான்று கிடையாது. ஆனாலும் நானும் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன். காரணம், அந்தப் போரில் ரோமானியரின் இழப்பு அவ்வளவு பெரிது. செனட்டுக்கு எழுதும்போது ‘நானும் படைகளும் நலம்’ என்று தொடங்குவது பேரரசர்களின் வழக்கம். இந்தப் போரின்போது ஹாட்ரியன் அந்த வாசகத்தை விட்டுவிட்டார் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதியிருக்கிறார்.

கேள்வி: எகிப்து சுற்றுலா போகிறோம். இந்தப் படையின் சுவடு எதையாவது பார்க்க முடியுமா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: லக்சரில் மூன்றாம் அமென்ஹோதெப்பின் இரண்டு பெரிய சிலைகள் இருக்கின்றன, மெம்னோன் சிலைகள் என்பார்கள். அவற்றில் ஒன்று அந்தக் காலத்தில் விடியற்காலையில் ஒலி எழுப்புமாம். கேட்கப் போன லீஜியன் அதிகாரிகள், ‘இன்ன தேதியில் கேட்டேன்’ என்று அதன் காலிலேயே வெட்டிவைத்தார்கள். நம் இரண்டு லீஜியன்களையும் சேர்ந்தவர்கள் அவர்களில் உண்டு. காலையில் போங்கள், வெயில் ஏறிவிட்டால் எழுத்து தெரியாது.