மனைப் பத்திரம் யார் பெயரில்?

கேள்வி: வண்டிப்பெரியாரில் எஸ்டேட் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பையன் பிளஸ் டூ முடித்துவிட்டான். பிசிக்ஸ், மேத்ஸ் படித்தவன். பக்கத்தில் சத்திரம் என்ற ஊரின் ஓடுதளத்தில் என்சிசி விமானம் இறங்கியதைப் பார்த்ததிலிருந்து பைலட் ஆக வேண்டும் என்கிறான். கொச்சி ஏஜென்ட் ஒருவர் இரண்டு விமானப் பயிற்சிப் பள்ளிகளைச் சொல்கிறார். ஒன்றில், மொத்தப் பணத்தையும் இந்த மாதமே கட்டினால் இரண்டு லட்சம் குறைப்பார்களாம். மெடிக்கல் எனும் உடல்தகுதிப் பரிசோதனையை, பள்ளியில் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமாம். எங்கள் ஏலத்தோட்டத்துக்குப் பட்டயம் (நில உரிமைப் பத்திரம்) வரவில்லை, அதனால் அதை அடமானம் வைக்க முடியாது. குவைத்தில் நர்ஸாக இருக்கும் பெரியவள் கம்பத்தில் வாங்கிப் போட்ட மனையை வைத்தால் பேங்க் லோன் கிடைக்கும். அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். எந்தப் பள்ளியில் சேர்க்கலாம்?

பதில்: ஐயா, பள்ளி இருக்கட்டும். அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள் என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்களே, அவளிடம் கேட்டீர்களா? கேட்டிருந்தால் சம்மதித்துவிட்டாள் என்றல்லவா எழுதியிருப்பீர்கள். நைட் டியூட்டி பார்த்துச் சேர்த்த காசில் அந்தப் பெண் தனக்கென்று வாங்கிய ஒரே சொத்து அது. இப்படி வாயில்லாப் பூச்சியாக வளர்ந்த அக்காக்களின் வீடுகளிலிருந்து எனக்கு நிறையக் கடிதம் வருகிறது. தம்பியைப் படிக்க வைப்பது நல்ல காரியம்தான். அதை அவள் மனசார ஏற்றுச் செய்ய வேண்டும். அவளுக்குத் தெரியாமல் நீங்கள் தலையாட்டுவதற்குப் பெயர் குடும்பப் பாசம் இல்லை.

கணக்கையாவது அவளிடம் முழுதாகச் சொல்லுங்கள். சிபிஎல் எனும் கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும். எல்லாம் சேர்த்து அரைக் கோடியைத் தாண்டும். அதன்பின் பெரிய விமானம் ஓட்ட டைப் ரேட்டிங் எனும், அந்த ரக விமானத்துக்கான தனித் தகுதி. அதற்கும் பல லட்சம். லைசென்ஸ் கையில் வந்த மறுநாளே வேலை வந்துவிடாது. படிக்கிற காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். பையன் வேலைக்குக் காத்திருக்கும் மாதங்களில் தவணை யார் கையிலிருந்து போகும்? அவள் கல்யாணப் பேச்சு வரும்போது மனை பேங்கில் இருக்கும். இதையும் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

அவள் சரி என்றாலும் பத்திரத்தை உடனே எடுக்காதீர்கள். செலவு குறைந்ததை முதலில் செய்யுங்கள். மெடிக்கலைப் பிறகு பார்க்கலாம் என்று சொன்ன ஏஜென்டை இன்றோடு விட்டுவிடுங்கள். விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏ அங்கீகரித்த டாக்டரிடம் கிளாஸ் 2 மெடிக்கல், அடுத்து கிளாஸ் 1. நிறக்குருடு இருந்தால் கனவு அங்கேயே முடிந்துவிடலாம். பணம் கட்டிய பிறகு அது தெரியவந்தால் என்ன செய்வீர்கள்? மெடிக்கல் தேறியதும் பையன் வீட்டிலிருந்தே நேவிகேஷன் (வழிகாணல்), மீட்டியராலஜி (வானிலை), ரெகுலேஷன்ஸ் (விதிமுறைகள்) பேப்பர்களுக்குப் படிக்கட்டும். ஒவ்வொன்றிலும் 70 சதவீத மதிப்பெண் வேண்டும். இதற்கே சோம்பினால், பறக்கும் ஆசை வேடிக்கை பார்த்ததோடு சரி என்று நீங்களே புரிந்துகொள்ளலாம்.

பிறகு பள்ளி. 2025 முதல் டிஜிசிஏ பயிற்சிப் பள்ளிகளுக்குத் தரவரிசை போடுகிறது. முதல் பட்டியலில் ஏ பிளஸ் பிளஸ், ஏ பிளஸ் என்ற உயர்ந்த படிகள் இரண்டிலும் ஒரு பள்ளிகூட இல்லை. அதனால் விளம்பரத்தை நம்பாமல் நேரில் போங்கள், பையனே பேசட்டும். எத்தனை விமானம் இருக்கிறது என்று கேட்டால் ஹேங்கரில் (விமானக் கொட்டகையில்) பிரித்துப் போட்டிருப்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். இன்று பறக்கும் நிலையில் எத்தனை, அதற்கு எத்தனை மாணவர்கள், எத்தனை இன்ஸ்ட்ரக்டர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். வாசல் டீக்கடையில் நிற்கும் மாணவனிடம் பறந்த நேரத்தைக் குறித்துவைக்கும் லாக்புக்கைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். தேதி வாரியாக இருக்கும். இரண்டு தேதிகளுக்கு நடுவே மூன்று வாரம் காலியாகக் கிடந்தால், மழையா, விமானம் இல்லையா என்று அவனே சொல்லிவிடுவான்.

மொத்தமாகக் கட்டவே கூடாது. பறந்த மணிக்கேற்பத் தவணை, விலகினால் எவ்வளவு திரும்பும், பெட்ரோல் விலை ஏறினால் யார் தலையில் விழும் என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். இரண்டு லட்சத் தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு மொத்தமாகக் கட்டி, பள்ளி படுத்துவிட்டால் நஷ்டம் மகளுக்குத்தான்.

சேர்ந்தபின் பொறுப்பு பையனுடையது. நாளைய பாடத்தை இன்றிரவே நாற்காலியில் உட்கார்ந்து, செக்லிஸ்ட்டை வாய்விட்டுச் சொல்லி, கை போக வேண்டிய இடத்துக்குப் போகிறதா என்று பழக வேண்டும். ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பப் பறந்தால் 200-க்கு மேல் போகும் ஒவ்வொரு மணிக்கும் தனிப் பணம். வாரம் ஒருமுறை எத்தனை மணி பறந்தேன், எவ்வளவு கட்டினோம் என்று அவன் அக்காவுக்குச் சொல்லட்டும். உங்களுக்கு அல்ல, அவளுக்கு.

இந்த வெள்ளிக்கிழமை அவளுக்கு லீவு இருந்தால் போன் போடுங்கள். பேச்சை உங்கள் மகன் ஆரம்பிக்கட்டும். அவள் யோசிக்க நேரம் கேட்டால் கொடுங்கள். வேண்டாம் என்றால் ஏன் என்று குடையாதீர்கள். உத்தரப் பிரதேசத்தில் இக்ருவா எனும் மத்திய அரசின் பைலட் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, நுழைவுத் தேர்வு எழுதட்டும். திருவனந்தபுரத்தில் கேரள அரசின் விமானப் பயிற்சி அகாடமியும் இருக்கிறது, விசாரிக்கட்டும். அங்கேயும் பணம் வேண்டும்தான். அதற்கு ஒரு டிகிரி முடித்து, அவனே சம்பாதித்துச் சேர்க்கட்டும். சிபிஎல்லுக்குக் குறைந்தபட்ச வயது 18தானே தவிர, 18-லேயே முடித்தாக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.