தெரிந்தும் வாசலில் தொங்குகிறான்

கேள்வி: என் மகனுக்கு 16 வயது, கணக்கில் கெட்டி. ஆனால் கல்லூரிக்கு லோக்கல் ரயிலில் போகும்போது நண்பர்களோடு வாசலில் தொங்குகிறான். கேட்டால் "ஆபத்துன்னு தெரியும்மா" என்கிறான். மூளை 25 வயதில்தான் முழுசாக வளருமாமே, அதுவரை என்ன செய்வது?
– ஒரு தாய், மாட்டுங்கா, மும்பை

பதில்: அவன் பொய் சொல்லவில்லை, தெரியும்தான். தெரிந்தது சமயத்துக்கு வந்து சேர்வதில்தான் சிக்கல்.

மூளையின் ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்பிழைக் கற்றைகளை வெண்பொருள் என்கிறோம். அந்த இழைகள்மேல் படியும் மயலின் என்ற கொழுப்பு உறைதான் வெள்ளை நிறத்துக்குக் காரணம். உறை இருந்தால் செய்தி பல மடங்கு வேகமாகப் போகும். உறையில் ஆங்காங்கே சிறு இடைவெளிகள் உண்டு. செய்தி அவற்றை மட்டும் தொட்டுத் தாவும். தாதரில் கிளம்பும் ஃபாஸ்ட் வண்டி உங்கள் மாட்டுங்காவையும் சயானையும் விட்டுவிட்டு குர்லாவில் போய் நிற்கிறதே, அந்த மாதிரி.

பார்வைக்கும் கைகால் அசைவுக்குமான பாதைகளில் இந்த உறை முதலிலேயே ஏறிவிடும். நெற்றிக்குப் பின்னால் இருந்து யோசித்துக் கட்டுப்படுத்தும் மூளையின் முன்பகுதியை உணர்ச்சி மையங்களோடு இணைக்கும் பாதைகள் கடைசி. இருபதுகளிலும் முதிர்ந்துகொண்டே இருக்கும். 25 என்பது எல்லைக்கோடு இல்லை. அந்த எண்ணுக்கு எப்படி இவ்வளவு மவுசு வந்ததோ!

நிதானமாக உட்கார்ந்து யோசித்தால் 16 வயதுப் பிள்ளை பெரியவர்களுக்குச் சளைத்தவன் இல்லை. கூட்டாளிகள் பக்கத்தில் இருந்தால் கதை வேறு. 2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கார் ஓட்டும் கணினி விளையாட்டில் நண்பர்கள் உடனிருந்தபோது 13–16 வயதினர் கூடுதலாகத் துணிந்து இறங்கினார்கள். 24 வயதைத் தாண்டியவர்கள் அப்படி மாறவில்லை. வெண்பொருள் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். கிளர்ச்சியைத் தேடும் மையங்களும் இந்த வயதில் துடிப்பாக இருக்கும்.

அதனால் அறிவுரையைக் குறைத்து, சூழலை மாற்றுங்கள். நெரிசல் ஏறுவதற்கு முந்தைய வண்டிக்கு அனுப்புங்கள். "பையில லேப்டாப் இருக்குடா, உள்ள போறேன்" என்பதுபோல, நண்பர்கள் முன் மானம் போகாத ஒரு சாக்கை வீட்டிலேயே பேசி வையுங்கள். அந்த நொடியில் புதிதாக யோசிக்க வேண்டியிருக்காது. பழகப் பழகப் பாதையும் பதப்படும்: 2009இல் ஓர் ஆய்வில், ஆறு வாரம் பந்துகளை மாற்றி மாற்றி வீசிப் பிடிக்கப் பழகிய பெரியவர்களுக்கே வெண்பொருளில் மாற்றம் தெரிந்தது.

அப்புறம், சுத்த சைவம் என்றால் ஒருமுறை வைட்டமின் பி12 அளவைப் பார்த்துவிடுங்கள். மயலினுக்கு அது வேண்டும். மாத்திரை போட்டதும் வாசலைவிட்டு உள்ளே வந்துவிடுவான் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.