பீரியட்ஸ் நின்றது வசதி இல்லை, எச்சரிக்கை

உங்கள் ஓட்டம் முடிந்துபோகவில்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் எழுதியிருப்பது இது: 19 வயது, நெடுந்தூர ஓட்டம், ஒரே மாதத்தில் தூரத்தை இரண்டு மடங்காக்கியது, கணைக்கால் எலும்பில் விரல் நுனி அளவு இடத்தைத் தொட்டாலே உயிர் போகிற வலி. படித்தவுடனே எனக்குத் தோன்றியது எலும்பில் மயிரிழை விரிசல், அதாவது ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர். எக்ஸ்ரே நார்மல் என்று விட்டுவிடாதீர்கள், முதல் இரண்டு மூன்று வாரம் பெரும்பாலும் அதில் ஒன்றும் தெரியாது. எம்ஆர்ஐ எடுங்கள். இரவு முழுக்க இணையத்தில் தேடிப் பயந்த புற்றுநோய்ச் சந்தேகமும் அதிலேயே தீர்ந்துவிடும். முழங்காலில் வலியில்லாமல் 'டக் டக்' என்று சத்தம் வருவதை மறந்துவிடுங்கள்.

ஆனால் பயிற்சிக்கு முன் வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுகிறீர்களே, அதை இன்றோடு நிறுத்துங்கள். வலியை அமுக்கிவிட்டு ஓடினால் மயிரிழை விரிசல் முழு முறிவாகிவிடலாம்.

இனி, கடிதத்தின் கடைசி வரிக்கு வருகிறேன். நான்கு மாதமாகப் பீரியட்ஸ் வரவில்லை, பயிற்சிக்கு வசதியாகத்தான் இருக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வலியை விடப் பெரிய கவலை அதுதான். செலவழிக்கிற சக்திக்கு ஏற்ற சாப்பாடு உள்ளே போகாதபோது, உடம்பு உடனடித் தேவை இல்லாத வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்தும். பீரியட்ஸ் நிற்கும், பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறையும், எலும்பு கரைவதைத் தடுத்துப் பிடித்திருந்த கை விலகிவிடும். எடை சரியாக இருப்பவர்களுக்கும் இது வரும். மூன்று மாதம் வராவிட்டாலே பரிசோதனை வேண்டும். கர்ப்பம், தைராய்டு எல்லாம் பார்த்துத்தான் காரணத்தைச் சொல்ல முடியும். பீரியட்ஸ் வரவைக்கத் தோழி சொன்ன கருத்தடை மாத்திரை வேண்டவே வேண்டாம். அதில் வருகிற ரத்தப்போக்கைப் பார்த்து எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள், எலும்பு பழையபடியேதான் இருக்கும். கால்சியமும் வைட்டமின் டி-யும் ரத்தப் பரிசோதனைக்கு அப்புறம் பார்க்கலாம், சாப்பாட்டுக் குறையை அவை ஈடுகட்டாது.

சரி, எப்போது ஓடலாம்? இந்த இடத்து விரிசல் என்றால் வழக்கமாக ஆறு முதல் எட்டு வாரம் ஓட்டம் கிடையாது. கணைக்காலின் முன்விளிம்பில் இருந்தால் இன்னும் நீளும். வலிக்காவிட்டால் நீச்சல், சைக்கிள் செய்யலாம். அப்புறம் அரை மணி நேரம் வலியில்லாமல் நடக்க முடிந்தால், ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, ஒருநாள் விட்டு ஒருநாள். தூரத்தை மெதுவாகவே கூட்டுங்கள். புதிய பளு விழுந்தால் உடம்பு முதலில் பழைய எலும்பைத் தோண்டி எடுக்கும், புதியதை நிரப்புவது அப்புறம்தான்; தோண்ட வாரங்கள் போதும், நிரப்ப மாதங்கள் ஆகும். நீங்கள் தூரத்தைக் கூட்டிய நான்காவது வாரத்தில் வலி வந்ததற்கு அதுதான் காரணம்.

கடைசி மூன்று பீரியட்ஸ் தேதிகளையும், ஒரு வாரம் சாப்பிட்டதையும் ஓடியதையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். கோச்சிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் அம்மாவைக் கூட்டிப் போங்கள்.