பை-அவுட் தொகை 40 லட்சம்: கட்டிவிட்டால் மகன் போகலாமா?

கேள்வி: என் மகனுக்கு 21 வயது, கால்பந்து வீரன். ஒரு கிளப் மூன்று ஆண்டு ஒப்பந்தம் கொடுத்திருக்கிறது. மாதச் சம்பளம் 35 ஆயிரம். அதில் 'பை-அவுட் தொகை (ஒப்பந்தம் முடியும் முன் விலகக் கட்டும் பணம்) ரூ.40 லட்சம்' என்று ஒரு வரி இருக்கிறது. இடையில் பெரிய கிளப் கூப்பிட்டால் இதை நாங்கள்தான் கட்ட வேண்டுமா? கட்டிய பிறகும் தடுப்பார்களா? - வாசகர், மதுரை

பதில்: உங்கள் மகன் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்பது எனக்குப் பெரிய நிம்மதி. நீங்கள் அனுப்பிய நகலில் 9-ஆம் பக்கம் பாருங்கள். அச்சில் காலியாக விட்ட இடத்தில் பேனாவால் 40 லட்சம் என்று எழுதியிருக்கிறார்கள். பக்கத்தில் யாருடைய சுருக்கொப்பமும் இல்லை. யார் கட்டலாம், எப்போது கட்டலாம், கட்டினால் என்ன ஆகும் என்று ஒரு வார்த்தையும் இல்லை.

ஸ்பெயினில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 1985-ஆம் ஆண்டின் 1006-ஆம் எண் அரசாணைப்படி வீரர் ஈட்டுத்தொகை கொடுத்துவிட்டுத் தானாகவே விலகிக்கொள்ளலாம். 2017-ல் நெய்மார் பார்சிலோனாவை விட்டுப் பாரிஸ் செயின்ட் ஜெர்மெய்னுக்குப் போனது அந்த வழியில்தான். தொகை 22.2 கோடி யூரோ. ஸ்பெயின் கால்பந்து லீக் அமைப்பான லா லிகா அந்தப் பணத்தை வாங்க மறுத்தது. நெய்மாரின் வக்கீல்கள் நேராக பார்சிலோனா கிளப்பிடமே செலுத்தினார்கள். பணம் பாரிஸ் கிளப்புடையது, விலகும் உரிமை வீரருடையது. கிளப்பின் சம்மதம் தேவைப்படவில்லை.

நம் நாட்டில் அப்படித் தனிச் சட்டம் கிடையாது. உங்கள் மகனுக்கு அந்த உரிமை ஒப்பந்த வாசகத்திலிருந்துதான் வர வேண்டும். 'இவ்வளவு கட்டினால் விலகலாம்' என்றிருந்தால் அது விலகுவதற்கான விலை. கட்டியதும் கதவு திறக்க வேண்டும். 'மீறினால் இவ்வளவு' என்றிருந்தால் அது இழப்பீடு. 1872 ஒப்பந்தச் சட்டம் 74-ஆவது பிரிவின்படி அதில் எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே; அதற்குள் நியாயமானதைத்தான் நீதிமன்றம் கொடுக்கும். மூன்று ஆண்டுச் சம்பளமே மொத்தம் 12.6 லட்சம்தான். அதற்கு மூன்று மடங்குக்கும் மேல் கேட்பது நியாயமா என்று வாதாட இடமிருக்கிறது.

ஆனால் அந்த வாதத்தை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். என் கவலை பணத்தைவிட மைதானத்தைப் பற்றியது. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதிகள், 28 வயதுக்கு முன் போட்ட ஒப்பந்தத்துக்கு முதல் மூன்று ஆண்டு அல்லது மூன்று சீசன், எது முதலில் முடிகிறதோ அதைப் பாதுகாப்புக் காலம் என்கின்றன. உங்கள் மகனுக்கு அது கிட்டத்தட்ட ஒப்பந்தக் காலம் முழுவதும். அதற்குள் தக்க காரணமில்லாமல் முறித்தால் 17-ஆவது பிரிவின்படி நான்கு மாதம் விளையாடத் தடை வரலாம். 2024 செப்டம்பரில், கிளப்பை விட்டு விலகிய இந்திய வீரர் அன்வர் அலி விவகாரத்தில் நம் கால்பந்துக் கூட்டமைப்பின் வீரர் நிலைக் குழு நான்கு மாதத் தடையும் 12.90 கோடி இழப்பீடும் விதித்தது. டெல்லி உயர் நீதிமன்றம் வரை போன பிறகு அந்த உத்தரவு மறுவிசாரணைக்குத் திரும்பியது. 21 வயதுப் பையனுக்கு நான்கு மாதம் என்பது பாதி சீசன்.

ஆகவே கிளப்பிடம் இந்த வாசகத்தைக் கேளுங்கள்: 'வீரரோ, அவர் சார்பில் புதிய கிளப்போ இத்தொகையைச் செலுத்திய அன்றே ஒப்பந்தம் முடிவுக்கு வரும், இது மீறலாகாது, ஏழு நாளில் என்ஓசி (தடையில்லாச் சான்று) தரப்படும்.' தொகையும் ஆண்டுக்கு ஆண்டு குறைய வேண்டும். பேனாவால் எழுதியதை அச்சில் ஏற்றச் சொல்லுங்கள். திருத்திய நகல் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.