ஆணியால் போட்ட ஓட்டை

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 38. வேலையில் சேர்ந்தபோது 66 கிலோ, இப்போது 83. மனைவியின் கைப்பக்குவம் அப்படி! கல்லூரியில் ஓட்டப்பந்தய வீரன் என்றால் யாரும் நம்புவதில்லை. மனக்கட்டுப்பாடு இல்லாதவனாகிவிட்டேன். இரவுச் சாப்பாட்டை நிறுத்தினால் தொப்பை குறையுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

முதலில் மனைவியை இதில் இழுக்காதீர்கள். சமைத்தவர் அவர், சாப்பிட்டவர் நீங்கள். ஓட்டப்பந்தயக் கதையும் வேண்டாம், நாற்பதை நெருங்குகிற ஆண்கள் எல்லோரும் சொல்வதுதான்.

உங்கள் கடிதம் வந்தபோது என் பழைய பெல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோரு வருடம் உட்கார்ந்து பிழை திருத்திய காலத்தில் கட்டியது. கொக்கி பதிந்த இடமெல்லாம் தோல் மடிந்து கறுப்புக் கோடு, ஓட்டைக்கு ஓட்டை நுனியை நோக்கி நகர்ந்திருக்கிறது. கடைசி ஓட்டை கடையில் போட்டதல்ல, நான் ஆணியைச் சூடாக்கிக் குத்தியது. அன்றுகூட துவைத்துத் துவைத்து பேன்ட் சுருங்கிவிட்டது என்றுதான் நம்பினேன்!

மனக்கட்டுப்பாடு என்ற வார்த்தைதான் எனக்கு எரிச்சல். 1990க்கும் 2022க்கும் இடையில் உலகத்தில் உடற்பருமன் உள்ள பெரியவர்களின் விகிதம் இரண்டு மடங்குக்கும் மேலாகிவிட்டது. இத்தனை கோடிப் பேருக்கும் ஒரே சமயத்தில் மனம் தளர்ந்துபோனதா என்ன? வேலை நாற்காலிக்குப் போய்விட்டது, சாப்பாடு நாற்காலியைத் தேடி வருகிறது, அவ்வளவுதான். லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் மாடிப் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்து 1953இல் எழுதினார். நாளெல்லாம் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களுக்கு மாரடைப்பு அதிகம், படியேறி இறங்கிக்கொண்டே இருந்த நடத்துநர்களுக்குக் குறைவு. அவர்களுடைய சீருடை அளவுகளையும் எடுத்துப் பார்த்து 1956இல் எழுதினார், ஓட்டுநர்களின் கால்சட்டைக்குத்தான் இடுப்பு பெரிது. (வேலைக்குச் சேரும்போதே அவர்கள் கொஞ்சம் பருமனாக இருந்திருக்கலாம் என்பதையும் அவர் மறைக்கவில்லை.) ஒரே பேருந்து, ஆனால் ஒருவருக்கு இருக்கை, இன்னொருவருக்குப் படிக்கட்டு.

அதற்காக நாற்காலியைத் திட்டிவிட்டு அதிலேயே சாய்ந்துகொள்ளாதீர்கள். தொலைபேசி வந்தால் எழுந்து நடங்கள், பேசி முடிக்கும்வரை உட்காராதீர்கள். ஆண்களுக்குக் கொழுப்பு பெரும்பாலும் வயிற்றில்தான் சேரும், அங்கே இருப்பதுதான் ஆபத்தானது, அதை ‘செழிப்பு’ என்று தட்டிக்கொடுக்கிற நண்பர்களிடம் கொஞ்சம் தள்ளியே இருங்கள்.

இரவுச் சாப்பாடா? சரி, சீக்கிரம் சாப்பிடுங்கள், பட்டினி வேண்டாம். அப்புறம் உங்கள் உயரத்துக்கு ஒரு நூலை வெட்டி, இரண்டாக மடித்துத் தொப்புளுக்கு நேராகச் சுற்றிப் பாருங்கள், மூச்சை உள்ளே இழுக்காமல். முனைகள் தொட வேண்டும். எனக்கு அன்று நான்கு விரல் இடைவெளி இருந்தது.